நிழலைத் தின்னும் புழு

தேவாரத்தில் பொழுது புலர்வதற்கு முன்பே ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. ஊருக்கு மேற்கே மதில்போல் எழுந்து நிற்கும் மலையின் தலைமீதே ஏலத்தோட்டங்கள் இருந்தபோதிலும், சாக்கலூத்து மெட்டு வழியாக ஒரு சாலை வேண்டுமென்று நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் அவ்வூர்த் தொழிலாளிகள், இன்றைக்கும் போடி மெட்டையோ கம்பம் மெட்டையோ சுற்றிக்கொண்டுதான் அந்தத் தோட்டங்களுக்குப் போய்ச் சேருகிறார்கள். போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மெட்டை எட்டியவுடன், அடிவாரத்து வெயிலும் புழுதியும் மறைந்து, குளிரும் ஈரமும் இருட்டும் கலந்த வேறொரு பிரதேசம் தொடங்குகிறது. அந்த இருட்டைத் தருகிறவை மரங்கள். பலா, வெடிப்பலா, நாவல், பாலி, கருங்குங்கிலியம் என்று வானளாவ நிற்கும் விருட்சங்களின் குடைக்கீழ்தான் ஏலச்செடி பிழைத்திருக்கிறது. திருவிதாங்கூர் அரசாங்கம் 1897-ஆம் ஆண்டில் ஏலமலைக் காட்டைக் காப்புக்காடாக அறிவித்த காலந்தொட்டு, செடி பயிரிடுகிறவனுக்கு, மரம் அரசாங்கத்துக்கு என்ற ஏற்பாடே அங்கே வழங்கிவருகிறது; இருவருக்கும் சொந்தமான நிழலைத் தின்ன வருகிற மூன்றாவது பிராணியைப் பற்றியதே இக்கட்டுரை.

அப்படிப்பட்டதொரு தோட்டத்தில், இரண்டு நாள் மழை விட்டிருந்த ஓர் ஐப்பசிக் காலையில், உச்சிக் கிளைகள் வெறுமையாகி வானம் தெரிய நின்ற ஒரு பெரிய நிழல் மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். காய் எடுத்துக்கொண்டிருந்த தேவாரத்து மூதாட்டி ஒருவர், கை வேலையை விடாமலே என்னைப் பார்த்து, “மேல என்னத்தங்கய்யா பாக்குறீக? கீழ பாருங்க, மெளகு கொட்டிக் கெடக்கு” என்றார். குனிந்து பார்த்தேன். சருகின்மேலும் அகன்ற ஏல இலைகளின்மேலும் மிளகு மணியளவில் கரிய உருண்டைகள் நூற்றுக்கணக்கில் சிதறிக் கிடந்தன. ஒன்றை எடுத்து விரலிடுக்கில் உருட்டியபோது, அதன் பக்கங்களில் வரிவரியாகப் பள்ளங்கள் ஓடுவது தெரிந்தது. நசுக்கியபோது உள்ளே பச்சை நிறம் இன்னும் ஈரமாக இருந்தது. புழுவின் எச்சம் அது. “அந்தியில வந்து நின்னா, மழையே இல்லாம தூறல் சத்தம் கேக்குங்கய்யா” என்று சொல்லிக்கொண்டே அவர் மரத்தின் மறுபுறத்துக்கு அழைத்துப் போனார். அங்கே, ஆள் உயரத்தில், நனைந்த கம்பளித் துண்டொன்றை யாரோ மரத்தில் அறைந்து வைத்தாற்போல, விரல் நீளமுள்ள புழுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடர்ந்து உறங்கிக்கொண்டிருந்தன. என் கையின் நிழல் பட்டதும் அந்தத் துண்டு முழுவதும் ஒரே சமயத்தில் சிலிர்த்தது.

பசுமை மாறா மரம் என்பதால் அது இலையே உதிர்ப்பதில்லை என்று கருதிவிடலாகாது. பழைய இலை ஒருபுறம் உதிர, புதிய இலை மறுபுறம் துளிர்க்க, எக்காலத்திலும் முழு மொட்டையாகாமல் நிற்பதே அந்த ஜாதியின் சுபாவம். போடி மலைச்சரிவுகளில் பஞ்சுக்காக வளர்க்கப்படும் இலவ மரம் தை மாசிகளில் ஓர் இலையும் இன்றி நின்றால் எவரும் கவலைப்படுவதில்லை, அது அந்த மரத்தின் வருஷாந்தர வழக்கம். ஆனால் பலாவோ நாவலோ ஒரு கிளையளவேனும் மொட்டையாக நின்றால், அது உடனே கவனிக்க வேண்டிய அடையாளம். ஆகவே, புழுவை அறிவதற்கு முன்னால் மரத்தை அறிந்திருக்க வேண்டும். வட தேசங்களின் ஊசியிலை மரங்களைப்போலத் தன் சேமிப்பில் பெரும்பகுதியை இலையிலேயே வைத்திருக்கிற மரங்களுக்கு இலையிழப்பு மிகப் பெரிய நஷ்டம். கனடாவின் ஃபர் காடுகளில் மொட்டுப்புழு ஆண்டுக்கு ஆண்டு தொடர்ந்து தின்னும்போது காடு காடாகவே பட்டுப்போவது அதனால்தான். நம்முடைய அகன்ற இலை மரங்கள் ஒருமுறை தின்னப்பட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கின்றன. அதைக் கேட்டு ஆறுதல் அடைந்துவிடவும் கூடாது. நிலம்பூர்த் தேக்குக் காடுகளில் கேரள வன ஆராய்ச்சி நிலையத்தார் இலை தின்னிப் புழுவைப் பற்றிச் செய்த ஆராய்ச்சியில், சாகாமல் வெறுமனே இலையிழந்து தளிர்த்த இளமரங்கள்கூட, அடையக்கூடிய வளர்ச்சியில் நூற்றுக்கு 44 பங்கை இழந்தன என்று கண்டார்கள்.

ஏலமலையில் இந்த உபத்திரவத்தைச் செய்வது யூப்டெரோட் என்னும் இனத்தைச் சேர்ந்த சில கம்பளிப்புழுக்கள். பெயர் புதிதாகத் தோன்றினாலும் பிராணி நமக்குப் புதிதன்று. வீட்டுக் கொல்லையில் முருங்கை மரத்தின் அடித்தண்டில் கூட்டம் கூட்டமாக அப்பிக்கொண்டு, குழந்தைகளை அந்தப் பக்கமே போகவிடாமல் அச்சுறுத்துகிற கம்பளிப்பூச்சி இதே இனத்தில் பிறந்த உடன்பிறப்புத்தான். பருவமழை தொடங்கும் ஆனி மாதத்தையொட்டி, மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்தவை, மங்கிய மஞ்சளும் காவியும் கலந்த சிறகுகளுடைய பெரிய அந்துப்பூச்சிகளாக வெளிவருகின்றன. இரவில் விளக்கொளியை நாடுகின்றன. நிழல் மரங்களின் இலைகளுக்கு அடிப்புறத்தில் முட்டைகளைக் குவியலாக இடுகின்றன. பொரித்து வந்த குஞ்சுப் புழுக்கள் முதலில் இலையின் பச்சைப் பகுதியை மட்டும் சுரண்டித் தின்று, நரம்பை வலைபோல விட்டுவிடுகின்றன. வளர வளர நரம்பையும் விடுவதில்லை. இரவெல்லாம் உச்சியில் மேய்ந்து, பகலில் தண்டில் ஒன்றுகூடி உறங்குவது அவற்றின் தினசரி ஒழுங்கு. மரத்தில் ஆகாரம் தீர்ந்ததும், நூலிழை விட்டுத் தொங்கிக் கீழேயுள்ள ஏலச்செடிகளில் இறங்குகின்றன. தோட்டக்காரர்கள் பலர் புழுவை முதன்முதலாகக் காண்பது அப்போதுதான்; புழுவோ அதற்குள் மூன்று நான்கு மாதம் அந்தத் தோட்டத்திலேயே வாழ்ந்து கொழுத்துவிட்டிருக்கிறது.

புழு இறங்கிவிட்ட பிறகு ஏற்படும் அவசரமே எல்லா விபரீதங்களுக்கும் மூலம் என்பது என் திடமான அபிப்பிராயம். ஏல இலையில் புழுவைக் கண்ட மாத்திரத்தில் மருந்தடிப்பு மெஷினை முதுகில் ஏற்றிவிடுகிறோம். ஆனால் செடியிலிருப்பவை வழிதவறி வந்தவற்றில் சிலவே. கூட்டம் இன்னும் மரத்தில்தான் இருக்கிறது. மரத்தின் உச்சிக்கு மருந்தை எட்டவைப்பது சுலபமன்று; மேல்நோக்கிப் பீச்சிய நஞ்சில் பெரும்பகுதி அடிக்கிறவனுடைய தலையிலும் தோளிலும்தான் திரும்ப விழுகிறது. இலைப்பேனுக்கும் தண்டுதுளைப்பானுக்கும் என்று மாதம் ஒரு முறையேனும் அடிப்பது ஏற்கெனவே பல தோட்டங்களில் வழக்கமாகிவிட்டது; எச்ச நஞ்சைக் காரணம் காட்டி நம் ஏலக்காயை வளைகுடா நாடுகள் மறுத்த சம்பவங்களும் நடந்திருக்கின்றன. இவையெல்லாம் ஒருபுறமிருக்க, புழுவின் காலமும் ஏலம் பூக்கும் காலமும் பெருமளவுக்கு ஒன்றோடொன்று கலந்து வருகின்றன. தூரிலிருந்து கிளம்பி மண்ணையொட்டி நீளும் சரத்தில் விடியற்காலையில் விரியும் ஏலப்பூ ஒரே நாளில் வாடிவிடுவது. அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீ வந்து போனால்தான் அது காயாகும். புழுவுக்கென்று காலையில் அடித்த மருந்து தேனீயைக் கொன்றால், இலையைக் காப்பாற்றிக் காயை இழந்தவர்களாகிறோம்.

நிழல் போவதால் வரும் நஷ்டமும் உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை. ஏறக்குறையப் பாதி வெயிலும் பாதி நிழலுமாக இருந்தாலே ஏலம் செழிக்கும். ஐப்பசி கார்த்திகையில் தின்னப்பட்ட மரம் தைக்குள் துளிர்த்துவிட்டால் தப்பித்தோம். துளிர்க்கத் தவறினால், மழையற்ற மாசி பங்குனி வெயில் நேரே தட்டைகளின்மேல் இறங்கி, இலை கருகி, வேரடி மண் காய்ந்து, அடுத்த வருஷத்துச் சரமே சுருங்கிவிடும்.

சரி, என்னதான் செய்வது? அந்த மூதாட்டி செய்ததைச் சொல்லுகிறேன். கையில் பழைய துணியைச் சுற்றி, தலையையும் முகத்தையும் முந்தானையால் மூடிக்கொண்டு, தென்னந்துடைப்பத்தின் நுனியால் அந்தக் கம்பளித் துண்டைத் தண்டிலிருந்து மெதுவாக வழித்து, சோப்பு கரைத்த தண்ணீர் நிறைந்த வாளிக்குள் தள்ளினார். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமே நின்றார், ரோமம் தன்மேல் பறந்து வராதபடி. ஒரு மரத்துக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரு வாளிக்குள் விழுந்தவை அந்த மரத்தின் அத்தனை இலைக்கும் யமனாக வந்த கூட்டத்தில் பெரும்பகுதி. ஆராய்ச்சி நிலையங்கள் பல்லாண்டுகளாகச் சொல்லிவரும் முதல் யோசனையும் இதுவே: பகலில் தண்டில் கூடும் புழுக்களைத் திரட்டி அழித்துவிடுங்கள் என்பது. பகையாளி, தானே வந்து, கைக்கெட்டும் உயரத்தில், கூட்டமாக, பட்டப்பகலில் உறங்குகிறான். இதைவிட அனுகூலமான சந்தர்ப்பத்தைப் பூச்சிகளில் எந்த ஜாதி நமக்குத் தருகிறது? தண்டைச் சுற்றி ஒரு சாக்குத் துண்டைக் கட்டிவிட்டு, அதன் மறைவில் பகலில் ஒதுங்கும் புழுக்களை மாலைக்குள் எடுத்துவிடும் வழக்கம் அமெரிக்காவில் உண்டு. 1869-ஆம் ஆண்டையொட்டி பாஸ்டனுக்கு அருகே ஒரு பிரெஞ்சுக்காரர் பரிசோதனைக்காகக் கொண்டுவந்து தப்பவிட்ட அந்துப்பூச்சியின் சந்ததி அந்நாட்டுக் காடுகளை இன்றுவரையில் மொட்டையடித்துக்கொண்டிருக்க, அதற்கு எதிராக வீட்டுக்காரர்கள் கைக்கொண்ட உபாயம் அது. நம் புழுவும் பகலில் மறைவு தேடுவதாகையால், ஏலத்தோட்டத்தில் கிடைக்கும் பழஞ்சாக்கைக் கொண்டு இதைச் செய்துபார்ப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

முருங்கைக்குச் செய்வதுபோல் கம்பில் துணி சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்து, தீப்பந்தம் காட்டிப் பொசுக்கும் வழக்கத்தை மட்டும் மலைமேல் கொண்டுபோக வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்ளுகிறேன். பட்டையின் உட்புறத்தில் உயிரோட்டமுள்ள மெல்லிய படலம் வெந்துவிட்டால், புழுவால் சாகாத மரம் நம் கையால் செத்துப்போகும். தீ எங்கே போய் நிற்கும் என்பதும் நமக்குத் தெரியாது. 2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணி மலைச்சரிவில் பரவிய காட்டுத்தீ, மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டதைப் போடிப் பக்கத்தார் மறந்திருக்க முடியாது. ஆபத்து புழுவின் ரோமத்திலும் உண்டு. உடம்பில் பட்டால் தேய்க்கக் கூடாது, தேய்க்கத் தேய்க்க முறிந்து உள்ளே ஏறும்; ஒட்டுநாடாவை அழுத்தி எடுத்து ரோமத்தை நீக்கியபின் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டுவிட்டால் கைவைத்தியம் பாராமல் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

வாளியில் தள்ளுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நிதானித்துப் பார்க்கிறவனுக்கு வேறொரு காட்சியும் புலப்படும். சில புழுக்களின் முதுகில் குருணை அரிசியைப்போல் வெண்ணிறச் சிறு கூடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். சிலவற்றின் தோலில் வெள்ளைப் புள்ளிகளாக ஈயின் முட்டைகள் இருக்கும். இன்னும் சில, தலைகீழாகத் தொங்கித் துவண்டு, தொட்டால் கசிந்துபோகும். முதலாவது ஒட்டுண்ணிக் குளவியின் வேலை, இரண்டாவது ஒட்டுண்ணி ஈயின் வேலை, மூன்றாவது நோய். இம்மூன்றும் நம்முடைய கூலியில்லாத வேலையாட்கள். இவற்றைச் சுமந்த புழுக்களை வாளியில் போடாமல், சன்னக் கண்ணுள்ள கம்பிவலை போட்டு மூடிய ஒரு பெட்டியில் போட்டுத் தோட்டத்திலேயே வைத்துவிட்டால், புழு வெளியேற முடியாது, குளவியும் ஈயும் வலையின் கண்வழியே பறந்துபோய் அடுத்த கூட்டத்தைத் தேடிக்கொள்ளும். ரோமத்தைக் கண்டு மற்றப் பட்சிகள் ஒதுங்கினாலும், குயில் ஜாதிப் பறவைகளுக்குக் கம்பளிப்புழு விருப்பமான ஆகாரம். இந்தப் புழு எல்லா வருஷமும் பெருகுவதில்லை, எப்போதாவது ஒரு வருஷம் பெருகிவிட்டுப் பிறகு அடங்கிவிடுகிறது என்பதற்கு இந்த ஜீவராசிகளே பெரும்பாலும் காரணம். கண்மூடித்தனமாக மருந்தடிக்கும்போது முதலில் விழுவன இவைதான்.

புழு மிகுந்து, கையால் எடுத்து மாளாது என்கிற நிலை வருமாயின், அப்போதும் முதலில் நாடவேண்டியவை சாதுவான மருந்துகளே. 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊறவைத்து வடித்து, 100 லிட்டர் தண்ணீராக்கித் தெளிப்பது நம் குடியானவர்கள் அறிந்த முறை. மற்றொன்று ஒரு பாக்டீரியா. ஜப்பானில் பட்டுப்புழுக்கள் திடீரென்று மடிந்ததைப் பற்றி 1901-இல் ஆராய்ந்த இஷிவாட்டாவும், 1911-இல் ஜெர்மனியின் தூரிங்கியாவில் மாவு அந்துப்பூச்சியின் புழுவில் அதையே மறுபடி கண்ட பெர்லினரும் உலகத்துக்குக் காட்டிக்கொடுத்தது. ‘பிடி’ என்ற பெயரில் இன்று கடைகளில் விற்கிறது. புழு அதை இலையோடு தின்றால்தான் அதன் குடலில் விஷமாக மாறும்; தின்னாத தேனீக்குத் தீங்கில்லை. ஆனால் அது இளம்புழுவுக்கே நன்றாகப் பலிக்கும், வெயிலில் சில நாளில் சக்தியிழந்துவிடும். ஆகையால் ஆடி ஆவணியில் இலையின் அடிப்புறத்தில் சுரண்டல் தெரிகிற சமயத்தில், எட்டுகிற தாழ்ந்த கிளைகளுக்கு, மாலை வேளையில் தெளிக்கலாமேயன்றி, ஐப்பசியில் தெளித்துவிட்டு மருந்தைக் குறைகூறிப் பயனில்லை. சந்தேகம் உள்ளவர்கள் இரண்டு புழுவை இலையோடு ஒரு டப்பாவில் போட்டு, மேலே மயிலாடும்பாறையிலுள்ள இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்திலோ, பாம்பாடும்பாறை ஆராய்ச்சி நிலையத்திலோ, கீழே பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலோ காட்டிக் கேட்டுக்கொள்ளலாம்.

மலையிறங்கி வந்தால் இதே பாடத்தை வேறு மரங்களில் படிக்கலாம். போடியைச் சுற்றியுள்ள மாந்தோப்புகளில், இலைகளை நூலால் பிணைத்துக் கூடுகட்டி உள்ளிருந்து தின்னும் ஒரு புழு உண்டு. அந்தக் கூட்டை முசுறு எறும்பின் கூடு என்று எண்ணி விட்டுவிடுகிறவர்களும், முசுறுக் கூட்டைப் புழுக்கூடு என்று எண்ணிக் கொளுத்திவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். வேறுபாட்டைப் பார்த்தவுடன் கண்டுகொள்ளலாம்: முசுறு பச்சை இலைகளை இணைத்துப் பந்துபோல் கட்டும், உட்புறம் சுத்தமாக இருக்கும், புழு கட்டியதில் இலைகள் காய்ந்து பழுப்பேறி, நூலிடையே எச்சம் மணிமணியாகக் கோத்திருக்கும். முசுறு கடித்தால் எரியும் என்பது உண்மையே. ஆயினும் அது புழுக்களை வேட்டையாடுகிற ஜாதி. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன்பே சீன தேசத்து ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் இவ்வெறும்பின் கூடுகளைக் காசு கொடுத்து வாங்கித் தங்கள் மரங்களில் கட்டினார்கள். புழுக்கூட்டைத் தொரட்டியால் இழுத்து அறுத்து எரித்துவிட்டு, மரத்தின் நடுவே காற்றும் வெளிச்சமும் புகும்படி அடர்ந்த கிளைகளைக் கழித்துவிட்டாலே மாவுக்குப் பாதி க்ஷேமம்.

கம்பம் பள்ளத்தாக்கின் தென்னைக்கு வருகிறது கருந்தலைப்புழு. தூரத்திலிருந்து பார்க்கும்போது கீழ்மட்டைகள் தீயில் வாட்டியவைபோல் தெரியும். ஓலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புறத்தில் எச்சமும் நூலும் சேர்ந்து சுரங்கம்போல் ஓடியிருக்கும். கோடையில்தான் இதன் உக்கிரம். தாக்குண்ட அடிமட்டைகளை வெட்டி எரிப்பதும், ஒட்டுண்ணிக் குளவிகளை வளர்த்து விடுவதும் தமிழ்நாட்டு வேளாண்மைத் துறையார் நெடுநாளாகக் கையாண்டுவரும் முறைகள். குளவி விட்ட தோப்பில் அந்தச் சமயத்தில் மருந்தடிக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இரண்டையும் ஒரே வாரத்தில் செய்கிற தோப்புகளைக் கண்டிருக்கிறேன்.

ஏலமலையில் அந்த மொட்டை மரத்துக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள, மாசியில் மறுபடியும் போயிருந்தேன். உச்சிக் கிளைகளில் செம்பு நிறத்தில் தளிர் விட்டிருந்தது. இரண்டு கிளைகள் மட்டும் பட்டுப்போயிருந்தன. தின்னப்பட்ட மரத்துக்கு அந்த வருஷத்து நிழல் கவாத்தில் விலக்குக் கொடுக்க வேண்டும், மிச்சமிருக்கும் கிளைகளையும் வெட்டிவிட்டால் அது எதைக்கொண்டு பிழைக்கும் என்று தோட்டத்து மேஸ்திரியிடம் சொன்னேன். பட்ட கிளைகளை மட்டும் எடுப்பதாக ஒப்புக்கொண்டார். மூதாட்டி அதே வரிசையில்தான் வேலையாக இருந்தார். மரத்தடிச் சருகைக் காலால் விலக்கி, களைக்கொத்தின் நுனியால் மேல்மண்ணைச் சற்றுக் கிளறி, பழுப்பு நிறமான கூட்டுப்புழு ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். உயிருள்ளது, விரல் பட்டதும் அதன் வால் நுனி ஒருமுறை அசைந்தது. ஸ்டோர் வாசலில் எரியும் விளக்கைச் சுட்டிக்காட்டி, “ஆனி பொறந்து மொத மழ விழுந்த ராத்திரி, அங்கன வந்து ஒக்காரும் பாருங்க. அன்னைக்கே வெளக்குக்குக் கீழ அகலச் சட்டியில தண்ணிய வச்சிருவோம்” என்றார்.